டோக்கன் குளித்த கதை

வைக்க வேறு இடமே கிடைக்காததுபோல், பழம்பொருள் சேகரிப்பாளர் ஒருவர் தன் செப்பு டோக்கன்களைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார். அந்தக் காலத்து வியாபாரிகள் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்தவை. இருந்தவை இரண்டு, கண்காட்சிக்குப் போகப்போவது ஒன்று.

எண்ணெய்க்கடை டோக்கன் புளியைக் கூப்பிட்டது. “அக்கா, கொஞ்சம் தேய்ச்சு விடேன். இந்தக் கறுப்போட நாலு பேர் முன்னால எப்படி நிக்கிறது?”

புளி தேய்த்தது. டோக்கன் தகதகத்தது. “நீயும் குளிச்சிருக்கலாம்,” என்றது ஜவுளிக்கடை டோக்கனிடம். அது கறுப்பாகவே இருந்துகொண்டது.

சேகரிப்பாளர் வந்தார், தலையில் கைவைத்தார். “நூறு வருஷத்துக் கறுப்பு போச்சே. இனி இதைப் பழசுன்னு எவன் நம்புவான்?” கறுப்பு டோக்கனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?” என்றது எண்ணெய்க்கடை டோக்கன்.

“என்கிட்ட வர்றவங்க எல்லாம் புதுசா ஆகத்தான் வருவாங்க,” என்றது புளி. “பழசாவே இருக்கணும்னு இதுவரைக்கும் எந்தக் குடமும் கேட்டதில்லையே.”