கக்கத்தில் வைத்த கை

"சொல்லுங்க அபா, உங்க மருமககிட்ட சொல்லுங்க!" டாக்டர் இஷென்பெக்கின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

மாமியார் உல்ஜான் அபா இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டேன்."

"உங்களுக்குச் சைகை பாஷை தெரியாதா?"

"பெத்த பிள்ளைக்கே காது கேக்காது. தெரியாம இருக்குமா? நல்லாவே தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. வேற ஆளைக் கூப்பிடுங்க."

எதிரே நிறைமாத வயிற்றோடு ஜிபெக். அவளுக்கும் காது கேட்காது. டாக்டரின் வாயையும் மாமியாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, கட்டைவிரலை உயர்த்தி, "புரிஞ்சுதா?" என்பதுபோல் கேட்டார்.

பழக்க தோஷம், தலையாட்டப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து எழுதினாள்: 'புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வீட்டு ஆள் வேண்டாம்.'

டாக்டர் பதிலுக்கு ஏதோ கிறுக்கிக் காட்டினார். காது கேட்பவர்களுக்கே புரியாத கையெழுத்து அது. ஜிபெக் உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரும்மா இவங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுக்கறது?" என்று நர்ஸ் குல்சுனிடம் எரிந்து விழுந்தார்.

"காது கேளாதோர் சங்கத்துல வகுப்பு நடக்குது டாக்டர். ஆஸ்பத்திரில, கோர்ட்டுல எப்படி ஆள் கேக்கணும், சரியா சொல்லலைன்னா எப்படி நிறுத்தணும்னு பழக்கறாங்க. ஒருத்தர் வெள்ளைக் கோட்டு போட்டு டாக்டரா நடிப்பாராம். இவங்க மல்லுக்கு நிக்கணுமாம்."

"நல்ல வகுப்பு! பக்கத்துலயே மாமியாரை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் ஆள் தேடணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார்.

பனியில் மினிபஸ் பிடித்து மொழிபெயர்ப்பாளர் வந்து சேர நேரமாயிற்று. அதுவரை வராந்தாவில் காத்திருந்த பெண்களின் வாய்க்கு நல்ல தீனி.

"புருஷன் மாஸ்கோவுல பாடுபடறான். இங்க பாரு, மாமியாரோட லட்சணத்தை!"

"வாயில்லாத பொண்ணு. அதுகிட்டப் போய் வீம்பு காட்டுது கிழவி."

உல்ஜான் அபாவின் காதில் எல்லாம் விழுந்தது. பிளாஸ்கைத் திறந்து மருமகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கோப்பை காலியானதும் கை மறுபடி கக்கத்துக்குள் போய்விட்டது.

மொழிபெயர்ப்பாளர் ஆயனா மூச்சிரைக்க வந்ததும் அபா எழுந்து வெளியே நடந்தார்.

"நீங்களும் உள்ள இருங்களேன்" என்றாள் குல்சுன்.

"வேண்டாம்மா. அவ என் மூஞ்சியைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்குவா."

கதவு சாத்திக்கொண்டது.

குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு வார்த்தை விடாமல் ஆயனாவின் கைகள் சொல்லின. ஜிபெக்கின் முகம் வெளுத்தது. ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள், மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். ஆயனா குரல் கொடுத்தாள்.

"ஆபத்து குழந்தைக்கா, எனக்கா?"

"முழு மயக்கமா, பாதி மயக்கமா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கேள்விகள் இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"எது நடந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும். இவங்களை வச்சு, எனக்கு நேரா. சொல்வீங்களா?"

"சொல்றேம்மா" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

ஜிபெக் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்த குல்சுனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஏன் அபா, அஞ்சு நிமிஷ வேலை. நீங்களே சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அந்த வகுப்புக்காரங்களோட சேர்ந்து நீங்களும்..."

"அந்த வகுப்புல அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான்."

"நீங்களா?"

"ஆமா. 'முதல்ல என்னை வேண்டாம்னு சொல்ல அவளுக்குக் கத்துக்குடுங்க'ன்னு அந்த டீச்சர்கிட்டக் கேட்டுக்கிட்டேன்."

குல்சுனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அபா கக்கத்திலிருந்து கைகளை எடுத்தார். இரண்டையும் விரித்துப் பார்த்தார்.

"போன பிரசவத்துல, வயித்துக்குள்ள குழந்தைக்குத் துடிப்பு நின்னுபோச்சுன்னு டாக்டரம்மா என்கிட்டத்தான் சொன்னாங்க, அவகிட்டச் சொல்லச் சொல்லி. என் கை அதைச் சொல்லலைம்மா. 'குழந்தை தூங்குது'ன்னு சொல்லிடுச்சு."

மூடிய கதவைக் கையால் காட்டினார்.

"பிரசவ அறைக்குள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும், அவ அதுக்குத் தொப்பி பின்னிட்டே இருந்தா."