தோட்டத்துப் பக்க அறை
மாலை வெயில் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறது. இந்த ஓட்டலை நடத்தும் கம்பெனியின் பங்குகளை எடைபோட வந்தவன், தங்க வந்த விருந்தாளியைப் போல ஜன்னலோரம் நின்று தோட்டத்தையே பார்க்கிறான். கம்பெனிக் கணக்கில் இந்த நிலம் இன்னும் பாட்டன் காலத்து விலையிலேயே தூங்குகிறது; பங்குச் சந்தையில் ஒருவரும் இதை மோப்பம் பிடிக்கவில்லை. கட்டடத்தை இடித்து மனையாக விற்றால் பங்கு விலை எங்கேயோ போய்விடும். ஜன்னல் திண்டில் திறந்திருக்கும் அவன் லேப்டாப்பில் கட்டடத்தின் மதிப்பு பூஜ்யம். இடிக்கிற கூலியை மட்டும் மறக்காமல் கழித்திருக்கிறான். பின்னால் அறையைச் சுத்தம் செய்யும் பெண் தலையணைக்கு உறை மாட்டுகிறாள். "வந்ததுலேர்ந்து ஜன்னலை விட்டு நகரவே மாட்டேங்கிறீங்களே சார், தோட்டம் அவ்வளவு பிடிச்சிருக்கா?" "ஆமாம்மா," என்றபடி, அவள் கண்ணில் படுமுன் லேப்டாப்பை மூடுகிறான். "அடுத்த தடவையும் இந்த ரூமையே கேளுங்க சார். நான் இங்கதான் இருப்பேன்." அவள் அருகில் வந்து, ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி, துணியால் அழுத்தித் துடைக்கிறாள். "இப்ப நல்லாத் தெரியுதா சார்?"