எடுக்காத போன்

"சிஸ்டர், எனக்கு அரிவாள் செல் ரத்த நோய். எலும்பெல்லாம் நொறுங்குது. வலிக்கு மார்ஃபின் போடச் சொல்லுங்க," என்று அவசரப் பிரிவின் ஏழாவது கட்டிலில் அந்தக் கறுப்பினப் பெண் துடித்தாள்.

"மருந்து பேரு வரைக்கும் மனப்பாடமா? போதைக்கு அலையுற உங்க ஆளுங்க எல்லாம் இதே பாட்டுத்தான்," என்றாள் வெள்ளைக்கார நர்ஸ் கொலீன்.

"நான் இங்கதான் வேலை பாக்குறேன்... போன வாரந்தான்..."

"அப்படியா? எந்த மாடியைத் துடைக்கிறே?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன ரகளை? அந்தப் புது நெறிமுறை ஆலோசகரைக் கூப்பிடு. வந்து இவளுக்குப் புத்தி சொல்லட்டும்."

நிறம் பார்த்து வைத்தியம் செய்கிறார்கள் என்று புகார்கள் குவிந்ததால், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து அந்த ஆஸ்பத்திரி நியமித்த ஆலோசகர். கொலீன் இன்னும் முகம் பார்த்ததில்லை. நம்பரை அழுத்தினாள்.

கட்டிலுக்கடியில் நோயாளியின் கைப்பை அலறியது. நோயாளியிடம் சத்தமே இல்லை.

"நடிச்சுக் களைச்சுட்டா," என்று கொலீன் சிரித்தாள்.

ஆலோசகர் எடுக்கவில்லை. கொலீன் போனை வைத்தாள், பையும் அடங்கியது. மறுபடி அழைத்தாள், பையும் மறுபடி அலறியது.

எரிச்சலோடு பையைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே போன் திரையில், 'அவசரப் பிரிவு அழைக்கிறது.'

"மேடம்... எழுந்திருங்க மேடம்!" என்று கொலீன் முதல் தடவையாக மரியாதையோடு கூப்பிட்டாள்.

மேடத்துக்கு மூச்சு நின்றிருந்தது.