பழைய நிறம்

தட்டில் வெளிர் ஃபவுண்டேஷன் இரண்டு சொட்டு, அடர்நிறம் ஒரு சொட்டு விட்டு, விரலால் குழைத்துக்கொண்டிருந்தாள் மனைவி.

“இன்னும் எவ்வளவு நேரம்? மேனேஜர் வீடியோ கால்ல வந்துடுவாரு,” என்று பரபரத்தான் கணவன்.

“அவசரப்பட்டா திட்டுத் திட்டாத் தெரியும். கழுத்து நிறத்தோட ஒத்துப்போக வேணாமா?”

தாடையோரம் தொட்டுப் பார்த்தாள். போதவில்லை. வெளிர் இன்னொரு சொட்டு விட்டாள்.

“நான் மேக்கப் போடுறப்ப என்னைக்காவது இப்படிப் பக்கத்துல உக்காந்திருக்கீங்களா? சரி, கண்ணை மூடுங்க.”

கணவன் மூடிக்கொண்டான். அவன் முகம் முழுக்கப் பூசிவிட்டாள்.

“காய்ச்சல்னு லீவு போட்டுட்டு மூணு நாளும் மொட்டை வெயில்ல கிரிக்கெட் பார்த்தா மூஞ்சி கருகாம என்ன செய்யும்? நல்லா இருமுங்க.”

செல்போன் ஒலித்தது. திரையில் மேனேஜர்.

“உடம்பு எப்படிப்பா இருக்கு? எங்கம்மாவுக்கு முடியலைன்னு நானும் மூணு நாளா ஆஸ்பத்திரியிலதான் கிடந்தேன். அதான் விசாரிக்க முடியலை.”

கணவன் விடாமல் இருமினான். திரையில் மேனேஜரின் முகத்தை உற்றுப் பார்த்த மனைவி, அந்தச் சத்தத்தில் கணவனின் காதோரம் குனிந்தாள்.

“அவரு வீட்டம்மா நல்லாத்தான் கலந்திருக்காங்க. காதுக்குப் பூசத்தான் மறந்துட்டாங்க.”