வீட்டுக்கு ஒரு பிள்ளை

"எத்தனை பேரைச் சுட்டீங்க?"

சுதந்திர தினக் கொடி ஏறியதும் முதல் கேள்வியே அதுதான். கேட்டவர் திருமுல்லைவாயில் காலனி ஒன்றின் சங்கச் செயலாளர் தினகரன். கையில் மைக் வந்தால் அவர் தொண்டைக்குள் வெண்கல மணி வந்துவிடும்.

காலனிக்குத் தண்ணி லாரி ஓட்டும் பூபாலன், கார்கில் சண்டையில் இருந்தவர் என்று முந்தாநாள்தான் தெரிந்தது. தினகரன் விடுவாரா? பிடித்து மேடையேற்றிவிட்டார்.

"சுடல சார். அங்கியும் லாரிதான் ஓட்டினேன்."

கூட்டத்தில் களுக்கென்று சிரிப்பு. தினகரன் கையிலிருந்த பொன்னாடை நைசாக நாற்காலிக்குப் போனது.

"லாரியில என்ன, குண்டா?"

"பசங்க சார். போறப்போ உக்காந்துகினு வந்தாங்க. வர்றப்போ படுத்துகினு வந்தாங்க."

அவ்வளவுதான். "வண்டி நிக்குது சார்" என்று இறங்கிப் போய்விட்டார்.

"பயந்தாங்கொள்ளி! இவனையெல்லாம் யாரு பட்டாளத்துல சேத்தது?" என்று பக்கத்திலிருந்த பொருளாளர் ரவிச்சந்திரன் காதைக் கடித்துவிட்டு, தினகரன் மணியை அடிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்துவிட்டார்.

"அன்பார்ந்த பெருமக்களே! போர் வேண்டும்! வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தருவோம்! என் ஒரே மகன் கிஷோரை முதலில் தருகிறேன்! ராணுவத்தில் சேர்க்கும் விண்ணப்பம் எங்கே? நீட்டுங்கள், இங்கேயே கையெழுத்திடுகிறேன்!"

விசில் பறந்தது. செல்போனில் மூழ்கியிருந்த கிஷோர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

கைதட்டல் அடங்குவதற்குள் பூபாலன் மறுபடி மேடையேறினார். ஒரு கையில் காகிதம், மறு கையில் பேனா.

"சார், ஒரு கையெழுத்து."

மணி உடைந்தது. மேடைத் தமிழ் பின்பக்கமாக இறங்கி ஓடிப்போனது.

"இன்னா நைனா, அதுக்குள்ளயா? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்பா! ஒத்தைப் புள்ள. ஆஸ்துமா வேற கீது, மாடி ஏறினாலே இளைக்குது. மூணாவது பிளாக் சிவராமனுக்கு ரெண்டு பசங்க கீறானுங்க. அங்க போய்க் கேளேன்!"

அத்தனையும் ஸ்பீக்கரில், தெருமுனை வரைக்கும் கணீரென்று கேட்டது. கடைசி வரிசையில் சிவராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

பூபாலன் எட்டி மைக்கை அணைத்தார். பிறகு, தினகரனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சம்ப்புல தண்ணி ரொப்பிட்டேன் சார். இது டிரிப் சீட்டு."