பசுவிடம் பேசும் மொழி

அவளுடைய வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது.

விரல்கள் குளம்பைத் தேடின. கிடைத்தது வால்.

கன்று பின்பக்கம் காட்டிக் கிடந்தது. பின்னங்கால்களை மடக்கி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதை உள்ளே தள்ளி, காலை ஒவ்வொன்றாக வளைத்து வெளியே கொண்டுவர வேண்டும். அதுவரை இரண்டு உயிரும் தாங்க வேண்டும்.

“முடியுமா, டாக்டர்?” என்று பிரெஞ்சில் கேட்டார் ஜோப். பசுவின் சொந்தக்காரர். அறுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. தலைமாட்டில் கழுத்துக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முயற்சி செய்கிறேன்” என்றாள் அவளும் பிரெஞ்சில்.

அவர் குனிந்தார். பசுவின் காதருகே வேறு குரலில் பேசத் தொடங்கினார்.

பிரெத்தோன்.

அவள் கை ஒரு கணம் நின்றுவிட்டது.

பிரான்சின் இந்த மேற்கு முனையில் முன்பு வீட்டுக்கு வீடு பேசிய மொழி. அவள் குடும்பம் நகரத்துக்குப் போனபோது கைவிட்ட மொழி. மாலை வகுப்பில் உட்கார்ந்து அதைத் திரும்பப் படித்தாள். வேலைக்காக இந்தப் பக்கம் வந்ததும் ரொட்டிக்கடையில் பேசிப் பார்த்தாள், தபால் நிலையத்தில் பேசிப் பார்த்தாள். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார்கள். பதிலை மட்டும் பிரெஞ்சில் சொன்னார்கள். படித்த பெண்ணிடம் பிரெஞ்சுதான் மரியாதையாம். மரியாதை கொடுத்தே ஒருத்தியை வாசலில் நிறுத்திவைக்க இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மாட்டுக்கு அந்த மரியாதை தேவையில்லை.

“பொறுத்துக்கடி ரூசென். டாக்டரு சின்னப் பொண்ணுதான். கை குச்சி மாதிரி இருக்கு. ஆனா ஆளு கெட்டி.”

புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. வகுப்பில் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாலும் பாதிதான் பிடிபடும். இங்கே தகரக்கூரையில் மழை, பசுவின் முனகல், ஜோப்போ வாய்க்குள்ளேயே பேசுகிற ஆள். ஆனாலும் எல்லாம் புரிந்தது.

குதிக்க வேண்டும் போலிருந்தது. கை பசுவுக்குள் இருந்ததால் குதிக்கவில்லை.

குளம்பு அகப்பட்டது. கர்ப்பப்பையைக் கிழித்துவிடாமல் அதை உள்ளங்கையால் மூடி, மெல்ல வளைத்தாள். ஒரு கால் வந்தது.

ஜோப் பேசிக்கொண்டே இருந்தார். இவளுக்குப் புரியும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

“அண்ணன் போன குளிர்ல போயிட்டான். நீயும் போயிட்டா நான் யார்கிட்டடி பேசறது?”

அவள் கேட்டிருக்கக் கூடாத பேச்சு. கேட்டாகிவிட்டது.

இந்தப் பசு சாகக் கூடாது என்று அவளுக்கு வெறியே வந்தது.

இன்னொரு காலும் வந்தது. கயிறு கட்டினாள். ஜோப் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். இனி நிதானிக்க நேரமில்லை. இப்படி வரும் கன்றுக்குத் தலை கடைசியில்தான் வெளியே வரும். அதற்குள் தொப்புள்கொடி நசுங்கிவிடும்.

ரூசென் களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டது.

“முக்குடி ரூசென். முக்கு, என் கண்ணு, இன்னும் ஒரே தடவை.”

கத்தியது அவள். பிரெத்தோனில்.

ஜோப்பின் பிடி ஒரு நொடி தளர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

ரூசென் முக்கியது.

இருவரும் இழுத்தார்கள். இடுப்பு வந்தது, விலா வந்தது, பிறகு மொத்தக் கன்றும் வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அவளும் விழுந்தாள்.

கன்று அசையவில்லை.

ஜோப் அதன் வாய்க்குள் விரல் விட்டுக் கோழையை வழித்தார். அவள் ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். குடைந்துகொண்டே இருந்தாள்.

தும்மியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முகத்தைத் துடைக்கச் சுத்தமான கை ஒன்றும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ரூசென் திரும்பிக் கன்றை நக்கத் தொடங்கியது.

ஜோப் எழுந்தார். அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். பிரெஞ்சு வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு ‘நன்றி’, ஒரு ‘டாக்டர்’, அவ்வளவுதான். காரில் ஏறிப் போக வேண்டியதுதான்.

அவர் வாயை மூடினார். பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரூசென், அந்தம்மாவைக் கேளு. காப்பி சாப்பிடுவாங்களான்னு.”

சண்டை போட்ட வீட்டில் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பேசுவார்களே, அப்படி.

அவளும் பசுவைத்தான் பார்த்தாள். சாப்பிடுவேன் என்று அவரிடம் சொல்லும்படி ரூசெனிடம் சொன்னாள்.

முற்றத்தை மழையில் கடந்தார்கள்.

சமையலறையில் பசு இல்லை.

அவர் மேசையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். கடைசியில் அவளுக்கு முதுகைக் காட்டி அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கொதிக்கிற தண்ணீரைக் கேட்பதுபோலக் கேட்டார், சர்க்கரை வேண்டுமா என்று. பிரெத்தோனில்.

அவள் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை.

வேண்டும் என்றாள்.

அவரும் போடுவதில்லை போலிருக்கிறது. ஓர் அலமாரியைத் திறந்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார். ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் யார் எடுத்திருப்பார்கள் என்று சத்தமாகவே திட்டினார். தேடுகிற சாக்கில், திரும்பிப் பார்க்காமல், அவளுக்கு எந்த ஊர், அப்பா யார் என்றெல்லாம் கேட்டார். எல்லாம் அதே மொழியில்.

அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை கிடைத்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.