சிலியிலிருந்து வந்த மூட்டை

கடைசிக் கோப்பும் இறங்கி முடிந்ததும் சுகுணா லேப்டாப்பைக் கணவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"வந்துடுச்சுங்க."

பச்சியப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவர் இயற்பியல் பேராசிரியர். போன வருஷம், சிலி நாட்டுப் பாலைவனத்தில் வரிசையாய் நிற்கும் ரேடியோ தொலைநோக்கிகளுக்கு விண்ணப்பம் எழுதி, ஒரு இளம் நட்சத்திரத்தைப் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார். அதைச் சுற்றிக் கிடக்கும் தூசிக்குள் ஒரு வளையம் இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு.

பார்த்து அனுப்பிவிட்டார்கள். இண்டூர் வீட்டின் முன்னறைக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அது வந்து சேர்ந்திருந்தது.

அவருடைய ஆராய்ச்சி மாணவி கவிப்பிரியா புனேயில் இருக்கிறாள். தரவு சார் பெயருக்குத்தான் வரும், நீங்கள் இறக்கிப் பிரித்து வைத்தால் போதும், சார் பக்கத்தில் இருக்கட்டும் என்று சுகுணாவிடம் போனில் சொல்லியிருந்தாள்.

சுகுணாவுக்கு வேலை மண் பரிசோதனை நிலையத்தில். வானத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வந்த பொட்டலத்தைப் பிரித்து, எது என்ன என்று பார்த்து அடுக்கத் தெரியும்.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வந்தது ஒரே மூட்டை இல்லை. பல மூட்டைகள். முதல் மூட்டையை ஓரிடத்தில் பிரித்தாள். அடுத்ததை வேறோர் இடத்தில் பிரிக்கப் போனாள்.

பச்சியப்பன் இடது கையால் மேசையைத் தட்டினார். முதல் மூட்டை இருந்த இடத்தை விரலால் காட்டினார்.

எல்லாவற்றையும் அங்கேயே பிரித்தாள். சிதறிக் கிடந்த உள்கோப்புறைகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோப்புறை ஆயின. அட, என்று சிரித்துக்கொண்டாள்.

படங்கள் இருந்த கோப்புறைக்கு அவள் கை நேராகப் போனது. அவர் வேண்டாமென்று தலையசைத்தார். கூட வந்த குறிப்பை முதலில் படிக்க வேண்டுமாம். அவர் எப்போதுமே அப்படித்தான். புது மிக்ஸி வாங்கினாலும் அதில் வந்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் பிளக்கைச் சொருக விடமாட்டார்.

குறிப்பை வாய்விட்டுப் படித்தாள். அன்றைக்கு அந்தப் பாலைவனத்தில் காற்று எப்படி இருந்தது, எந்தத் தொலைநோக்கிக் கிண்ணம் ஒழுங்காக வேலை செய்யவில்லை, அதன் அளவுகளை ஏன் ஒதுக்கிவிட்டார்கள், எல்லாம் எழுதியிருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நட்சத்திரத்தை அளப்பதற்கு முன்னால், நன்றாகத் தெரிந்த வேறொரு பிரகாசமான பொருளை அளந்து கருவியைச் சரிபார்த்ததாக ஒரு பத்தி சொன்னது. அது மட்டும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆய்வகத்திலும் அதே கதைதான். சத்து எவ்வளவு என்று முன்பே தெரிந்த மண்ணை அளந்து மெஷினைச் சரிபார்த்த பிறகுதான் விவசாயி கொண்டுவந்த மண்ணைத் தொடுவார்கள்.

இப்போது படங்களுக்கு வந்தாள். கோப்புப் பெயர்களெல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்து நீளநீளமாகத் தொங்கின. கண்ணில் பட்ட ஒன்றைத் திறந்தாள்.

கறுப்புத் திரையின் நடுவில் ஒரு புள்ளி. பளிச்சென்று, மூக்குத்திக் கல் மாதிரி.

"எவ்ளோ அழகா இருக்கு! இதுங்களா உங்க நட்சத்திரம்?"

"தப்பு," என்றார் பச்சியப்பன்.

சுகுணாவின் விரல் மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

தெருவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கும்வரை அவள் அசையவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

தை மாதம் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடினார்கள். உயிர் தங்கியது. கால் மெல்ல நடக்கப் பழகியது. வலது கையில் இன்னும் பிடிமானம் வரவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் தவறாமல் பூனை, குடை, சாவி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். புரிகிறது, ஆனால் சொல் வரவில்லை, வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து இந்த வீட்டில் கேள்வியும் சுகுணாதான், பதிலும் சுகுணாதான்.

அவள் திரையையே பார்த்தாள். அந்தப் புள்ளி அவருடைய நட்சத்திரம் இல்லை. கருவியைச் சரிபார்க்க அளந்த பொருள். குறிப்பில் இருந்த பெயரோடு ஒப்பிட்டதும் தெரிந்துவிட்டது. அவர் கேட்டிருந்த நட்சத்திரத்தின் படம் அடுத்த வரியிலேயே இருந்தது. ஒரே ஒரு கிளிக். வளையம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். புனேயில் கவிப்பிரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இருக்கட்டும்.

சுகுணா அந்தப் படத்தை மூடினாள். மறுபடியும் அதே கோப்பைத் திறந்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இதுங்களா?"

அவருக்குக் கோபம் வந்தது. மூச்சை இழுத்தார். உதடு ஒருபக்கமாகக் கோணியது.

"தப்பு," என்றார். பிறகு, வெகுநேரம் தேடி எடுத்ததுபோல், "சுகுணா."